ஆறு ஏக்கர் தோப்பா, ஐந்து மணிக்கு எழும் ஆளா?

மதுரை வாசகி ஒருவரின் கேள்வி:

ஐயா, நான்கு மாதங்களுக்கு முன் சுற்றுச்சாலையோரம் ஒரு செவலைப் பெட்டை நாயைக் கண்டேன். எலும்பும் தோலுமாக, கழுத்தில் கயிறு அறுத்த புண்ணோடு நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சிப்பிப்பாறை இனம், இரண்டு வயது இருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். இப்போது நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் நான் இரண்டாம் மாடிக் குடியிருப்பில் அம்மாவுடன் இருக்கிறேன். நான் வேலைக்குப் போன பிறகு மெத்தையைக் கிழித்துவைக்கிறது. தெருவில் பூனையைக் கண்டால் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. தத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இருவர் கேட்கிறார்கள். ஒருவருக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. இன்னொருவர் நகருக்குள் வாடகைக்குத் தனிவீடு எடுத்திருக்கும் இளம் தம்பதி. கணவர் தினமும் காலையில் ஓடுபவர். வேட்டை நாய் ஓடியாட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தோப்புக்குக் கொடுப்பதுதானே சரி?

பதில்:

தோப்பு என்று நீங்கள் பாதி முடிவு செய்துவிட்டது கடைசி வரியில் தெரிகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். தோப்பு நாயை ஓட வைக்காது. ஆள்தான் ஓட வைக்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு ராஜபாளையம் ஆண் நாயை மாந்தோப்பு வைத்திருந்த ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, இனி அதற்குக் கவலையில்லை என்று நிம்மதியாக வீடு திரும்பினேன். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அது மோட்டார் அறை வாசலில் சங்கிலியில் கிடந்தது. அவர் கொடுமைக்காரர் அல்லர். முதல் இரண்டு நாள் அது தோப்பைச் சுற்றிவந்தது. மூன்றாம் நாள் வேலியைத் தாண்டிப் பக்கத்துக்காரர் கோழிகளைப் பிடித்தது. கோழிக்குப் பணம் கொடுத்த கையோடு அவர் சங்கிலி வாங்கிவந்துவிட்டார். கட்டிப்போட்ட நாய்க்குத் தோப்பின் அளவு சங்கிலியின் நீளம்தான். அன்றே அதைத் திருப்பி அழைத்துவந்தேன். தவறு அவருடையதைவிட என்னுடையது. நிலத்தைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பதினோராவது பிரிவில், வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் நாயை உரிய அளவு நடமாட விடாமல் இருப்பதையும் வதை என்றே கணக்கில் வைக்கிறது. காவலுக்கு நாய் வைத்திருப்பவர்களில் பலருக்கு இது தெரியாது. தோப்புக்காரரிடம் பேசும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதே பாதிப் பதில்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. “இரவில் தோப்பில் யார் படுக்கிறீர்கள்?” குடும்பம் அங்கேயே குடியிருந்து, பிள்ளைகள் முற்றத்தில் விளையாடி, அவர் விடியற்காலையில் வாய்க்கால் பார்க்கப் போகும்போது நாயும் கூடவே போகும் என்றால், உங்கள் செவலைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வீடு உசிலம்பட்டி ஊருக்குள் இருந்து, நாய் மட்டும் தேங்காய்க்குக் காவல் என்றால் வேண்டாம். சிப்பிப்பாறை தன் ஆளோடு ஒட்டிக்கொள்ளும் இனம். தனியாக விட்டால் காவல் காப்பதற்குப் பதிலாக வேலி தாண்டி ஆளைத் தேடிப் போகும். ஒருவேளை உங்கள் நாய் சுற்றுச்சாலைக்கு வந்த கதையே இதுவாக இருக்கலாம்.

இந்த இனத்தின் பிழைப்பைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். தெற்கத்திக் கரிசல் காட்டில் முயல் விரட்ட வளர்த்த நாய் இது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும். தொலைவில் ஒன்று அசைந்தால் போதும், அடுத்த நொடி கால் தரையில் இருக்காது. அந்த நேரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாது. பூனையைக் கண்டு உங்களை இழுத்ததற்குக் காரணம் திமிர் அல்ல, பிறவித் தொழில். முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் தத்துக் கேட்டு வருபவர்களில் ஒருவராவது “முயல் பிடிக்குமா?” என்று கேட்பார். அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். “குட்டி போட்டிருக்கிறதா?” என்று ஆர்வமாகக் கேட்பவரும் அதே வரிசைதான். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் நாய்களின் பெயரைச் சொன்னார். அது பெருமைதான். ஆனால் நாட்டு நாய் என்றாலே குட்டி விற்றுக் காசாக்கலாம் என்று நினைப்பவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள், பின்பும் இருக்கிறார்கள். எனவே கருத்தடை செய்யாமல் பெட்டையைக் கொடுக்காதீர்கள். அறுவைக்கு முன் மருத்துவரிடம் வேட்டை இனம் என்பதை நினைவூட்டுங்கள். கொழுப்பு குறைந்த மெலிந்த உடல் என்பதால் இவ்வகை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய அதிக நேரம் ஆகும். உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையையும் அதே சமயத்தில் முடித்துவிடலாம். தெருவில் கிடந்த நாய்க்கு அது அவசியம்.

வேட்டை நாய் நாள் முழுக்க ஓட வேண்டும் என்பதும் பாதிதான் உண்மை. சிப்பிப்பாறை ஓட்டம் வெடித்து அடங்கும் ஓட்டம். காலையும் மாலையும் முக்கால் மணி நேர நடை, வாரத்தில் சில நாள் சுற்றுச்சுவருக்குள் கட்டவிழ்த்து விட்ட பாய்ச்சல், இவை கிடைத்தால் மீதி நேரமெல்லாம் கால் நீட்டித் தூங்கும். ஆட்டு மந்தை மேய்க்கப் பிறந்த பெல்ஜியன் மாலின்வா, ஜெர்மன் ஷெப்பர்டு வகைகள் வேறு. அவற்றுக்கு நடை மட்டும் போதாது, மூளைக்கும் தினமும் வேலை வேண்டும். இல்லையென்றால் தாமே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்ளும், அது பெரும்பாலும் உங்கள் கதவாகவோ சோபாவாகவோ இருக்கும். ஓடியாடும் வீடு என்ற ஒரே சொல்லால் எல்லா இனத்துக்கும் வீடு தேடுவதால்தான் பாதி நாய்கள் திரும்பி வருகின்றன.

இனி அந்த மெத்தை. நாய்க்கு ஆற்றல் வடியவில்லை, அதனால் கிழிக்கிறது என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நான் அதை உடனே ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய கைப்பேசி ஒன்றை அலமாரியில் நிறுத்தி, நீங்கள் கிளம்பிய பிறகு நடப்பதைப் பதிவு செய்து பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து, சலித்துப்போய்க் கிழித்தால் அது ஆற்றல். நீங்கள் கதவைப் பூட்டிய அரைமணிக்குள்ளேயே ஊளையிட்டு, எச்சில் வடித்து, கதவைச் சுரண்டினால் அது பிரிவுப் பயம். அம்மா வீட்டில் இருந்தும் அப்படிச் செய்தால், அது உங்கள் ஒருவர்மீது மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பொருள். அப்படியானால் மாரத்தான் ஓடுபவர் வீடும் தீர்வாகாது. காலையில் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுப் பகலெல்லாம் பூட்டிய வீட்டில் கிடந்தாலும் அது அலறத்தான் செய்யும். பகலில் யாராவது இருக்கும் வீடுதான் அதற்கு மருந்து. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், கடை வைத்திருப்பவர், நடக்கத் தெம்புள்ள ஓய்வு பெற்றவர் என்று யாராகவும் இருக்கலாம்.

பதிவைப் பார்த்த பிறகு தம்பதியிடம் பேசுங்கள். எனக்கு அவர்கள்மீதுதான் சாய்வு, ஆனால் நேரில் போய்ப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். வாடகை வீடு என்பதால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். “அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்” என்ற வாக்கியத்தை நம்பி எத்தனை நாய்கள் தெருவுக்கு வந்திருக்கின்றன தெரியுமா? சுற்றுச்சுவர் ஆறடியாவது இருக்க வேண்டும். சுவரை ஒட்டித் துவைக்கிற கல்லோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அதில் ஏறி எளிதாகத் தாண்டிவிடும். பக்கத்து வீட்டில் கோழி, பூனை உண்டா என்று பாருங்கள். கணவர் வெளியூர் போனால் காலையில் நாயை யார் நடத்துவார் என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர் மனைவி முகத்தைப் பார்த்தால், அந்த வேலை மனைவிக்குத்தான் வரப்போகிறது. அப்படியானால் மனைவியின் விருப்பத்தைத் தனியாகக் கேட்டறிவது நல்லது.

எனக்குப் பிடித்த இன்னொரு கேள்வி, “இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று?” முதுமையில் மடியில் இறந்த கதையைச் சொல்பவரின் குரல் வேறு மாதிரி இருக்கும். “யாருக்கோ கொடுத்துவிட்டோம்”, “காணாமல் போய்விட்டது” என்று இரண்டு முறை வந்தால் நான் காப்பியைக் குடித்துவிட்டு விடைபெற்றுவிடுவேன்.

ஓடுகிற கணவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாளே பத்து கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. நான்கு மாதம் முன்பு எலும்பும் தோலுமாக இருந்த உடல் அது. நடையில் தொடங்கி வாரக்கணக்கில் தூரத்தை மெல்ல மெல்ல அதிகமாக்கட்டும். மதுரை வெயிலில் காலை ஆறு மணிக்குப் பிறகு ஓட்டம் வேண்டாம். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஐந்து நொடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நீண்ட கயிற்றில் விட்டு ஓடவிடும் பழக்கமும் கூடாது. முழு வேகத்தில் போகும்போது கயிறு தீர்ந்து சுண்டினால் கழுத்து போய்விடும்.

கழுத்து என்றதும் நினைவுக்கு வருகிறது, இவ்வகை நாய்களுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலம். சாதாரணப் பட்டை பின்னோக்கி இழுத்தால் காதைத் தாண்டிக் கழன்றுவிடும். தத்துக் கொடுத்த முதல் வாரத்திலேயே நாய் தொலைந்தது என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கழன்ற பட்டைக் கதைதான். உடம்பு வார் ஒன்று, பட்டை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு என்று முதல் மாதம் முழுக்க நடத்தச் சொல்லுங்கள். இன்னொன்று, பின்பக்க விலா எலும்பு இரண்டு மூன்று தெரிவது இந்த இனத்துக்கு இயல்பு. பாவம் மெலிந்திருக்கிறது என்று சோறாக ஊட்டிப் பெருக்கவைத்துவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

இந்த இருவரும் சரிவராமல் விளம்பரம் போட நேர்ந்தால், “சாதுவான நல்ல நாய், அன்பான வீடு தேவை” என்று எழுதாதீர்கள். அந்த வரிக்கு எல்லோரும் வருவார்கள், பொருத்தமானவர் வரமாட்டார். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “சிப்பிப்பாறை, பெட்டை, இரண்டு வயது, கருத்தடை ஆகிவிட்டது. பூனை, கோழி உள்ள வீடு வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எழுந்து நடப்பவர், ஆறடிச் சுவர் உள்ளவர் மட்டும். பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே இருக்காது.” பத்துப் பேர் அழைக்கும் இடத்தில் இரண்டு பேர் அழைப்பார்கள். அந்த இருவர் போதும்.

கொடுப்பதை இரண்டு வாரப் பழக்கமாக வைத்துக்கொண்டு பிறகு உறுதி செய்யலாம். ஒத்துவராவிட்டால் நாய் உங்களிடம்தான் திரும்ப வர வேண்டும், விற்கவோ வேறு கைக்கு மாற்றவோ கூடாது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சீட்டையும் அதோடு கொடுங்கள். புதிய வீட்டில் முதல் மூன்று நாள் அது மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், சாப்பிடாமலும் இருக்கலாம். மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பிடிபடும், குறும்பும் அப்போதுதான் வெளியே வரும். தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் ஆகும். அந்தக் குறும்பைக் கண்டு பயந்து திருப்பித் தர நினைப்பவர்கள் பலர். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள்.

ஒப்படைக்கும் நாளில் அது படுத்திருக்கும் பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே கொடுத்தனுப்புங்கள். நீங்கள் முதல் இரண்டு வாரம் நேரில் போக வேண்டாம். புகைப்படம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கழுத்தில் சங்கிலி தெரிந்தால் மட்டும் உடனே கிளம்புங்கள்.