குடிநீரில் ஃப்ளூரைடு: வாக்குச்சீட்டில் எந்தப் பக்கம்?

கேள்வி: "டாக்டர், எங்களுக்குப் பூர்வீகம் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். இப்போது அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறோம். குடியுரிமை வாங்கியபின் எனக்கு வரும் முதல் உள்ளூர் வாக்கெடுப்பே, பல் சொத்தையைத் தடுக்க ஊர்க் குடிநீரில் ஃப்ளூரைடு சேர்க்கலாமா என்பதுதான். 'அந்தத் தண்ணியைக் குடிச்சு நம்ம ஜனங்க பட்டது போதாதா, இங்க காசு கொடுத்துக் கலக்கணுமா?' என்கிறார் அம்மா. வீட்டில் நான்கு வயதுப் பையனும் ஆறு மாதக் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். எப்படி முடிவு செய்வது?"

உங்கள் அம்மா சொல்வதைத் தள்ளிவிட என்னால் முடியாது. பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் பல் பரிசோதனை முகாமுக்குப் போயிருந்தேன். பெயரைக் கேட்டால்கூட உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு பதில் சொன்னாள் ஒரு பத்தாம் வகுப்புப் பெண். கையை எடுத்ததும் தெரிந்தது, முன்பற்களின் குறுக்கே பழுப்புப் பட்டைகள். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. பல்லின் எனாமல் உருவாகும் வயதிலேயே உள்ளே பதிந்த கறை அது. அதே ஊரில் முதுகும் முட்டியும் விறைத்துப்போன பெரியவர்களையும் பார்த்தேன். எல்லாம் பல வருடம் குடித்த, ஃப்ளூரைடு மிகுந்த போர் தண்ணீரின் வேலை.

அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. பல்லுக்கு ஃப்ளூரைடு நல்லது என்று கண்டுபிடித்ததே இந்தக் கறையிலிருந்துதான். நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் பிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கே வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இதே பழுப்புக் கறை இருப்பதைக் கவனித்தார். கறை பிடித்த பற்களில் சொத்தை குறைவாக இருந்ததையும் கவனித்தார். தண்ணீரிலுள்ள ஃப்ளூரைடுதான் காரணம் என்பது 1931இல் தெரிந்தது. கறை விழாமல், சொத்தையையும் தடுக்கும் அளவு எது என்று பிறகு தேடினார்கள். 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் உலகிலேயே முதன்முதலாகக் குடிநீரில் ஃப்ளூரைடைச் சேர்த்தது.

ஆக, கேள்வியே அளவைப் பற்றியதுதான். அமெரிக்க அரசு 2015இல் பரிந்துரைத்தது லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பு 1.5. தருமபுரியில் தொல்லை கொடுத்த போர்கள் அந்த 1.5ஐத் தாண்டியவை. அதனால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது.

உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் போர்ட்லேண்ட் நகரம் இந்தக் கேள்வியோடு அரை நூற்றாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறது. 1956லும் 1962லும் மக்கள் வேண்டாம் என்றார்கள். 1978இல் சரி என்றார்கள்; 1980இல் அதையே ரத்து செய்தார்கள். 2012இல் நகர மன்றம் தானாகவே முடிவெடுத்து அனுமதி கொடுத்தது. எதிர்த்தவர்கள் கையெழுத்து திரட்டி அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். 2013 மே மாதம் சுமார் 60 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். 'எங்களைக் கேட்காமல் எப்படி முடிவெடுத்தீர்கள்?' என்ற கோபத்துக்கும் அதில் பங்கு இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானதுதான்.

கனடாவின் கால்கரி போனது வேறு வழியில். அங்கே 2011இல் நகர மன்றம் ஃப்ளூரைடை நிறுத்தியது. சில ஆண்டுகள் கழித்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, கால்கரியில் சுமார் 65 சதவீதம் பேருக்குப் பால் பற்களில் சொத்தை இருந்தது. ஃப்ளூரைடு தொடர்ந்த எட்மன்டன் நகரில் அது 55. பிறகு 2021 வாக்கெடுப்பில் சுமார் 62 சதவீதம் பேர் மீண்டும் வேண்டும் என்றார்கள். தண்ணீரில் திரும்பவும் கலக்கத் தொடங்கியது 2025 கோடையில்தான். நிறுத்துவது சுலபம், மறுபடி தொடங்க வருடங்கள் ஆகும். வாக்களிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் இரண்டு விஷயங்களை நான் மதிக்கிறேன். ஒன்று, இன்று எல்லோரும் ஃப்ளூரைடு பேஸ்ட்டில் பல் தேய்ப்பதால் தண்ணீரால் கிடைக்கும் கூடுதல் பலன் அந்தக் காலத்தைவிடக் குறைந்துவிட்டது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2024 ஆய்வுத் தொகுப்பின்படி, ஒரு குழந்தைக்குச் சராசரியாகக் கால் பல் அளவுதான் சொத்தை குறைகிறது. இன்னொன்று, 2024இல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தின் அறிக்கை, 1.5க்கு மேற்பட்ட ஃப்ளூரைடுக்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் அளவீடு குறைவதற்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. 0.7 அளவில் அப்படி நடக்கிறதா என்று முடிவு சொல்லப் போதிய தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. உங்கள் வீட்டு வாட்ஸ்அப்பில் முதல் பாதி வந்திருக்கும், இரண்டாம் பாதி வந்திருக்காது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. உங்கள் ஊர்க் குடிநீர் வாரியம் ஒவ்வொரு வருடமும் ஜூலை 1க்குள் தண்ணீர்த் தர அறிக்கை தர வேண்டும். அதில் ஃப்ளூரைடு என்ற வரியைப் பாருங்கள். இயற்கையாகவே 0.6, 0.7 இருந்தால் சேர்க்க அவசியமே இல்லை. 0.1 என்பது போல இருந்தால்தான் இந்த வாக்கெடுப்புக்கு அர்த்தம் உண்டு. அப்புறம், வாக்குச்சீட்டின் வாசகத்தை இரண்டு முறை படியுங்கள். சில ஊர்களில் 'ஆம்' என்றால் சேர்ப்பது, சில ஊர்களில் 'ஆம்' என்றால் நிறுத்துவது. தபாலில் வரும் வாக்காளர் கையேட்டில் இருக்கும் ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள் பெரும்பாலும் கட்டணம் கட்டிப் போடப்படுபவை. அரசு சரிபார்த்தவை என்று நினைத்துவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், இயற்கை அளவு குறைவாக இருக்கும் ஊரில் நான் சேர்ப்பதற்கே வாக்களிப்பேன். உங்கள் பையனைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போக உங்களால் முடியும். காப்பீடு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ராத்திரி பல்வலி வந்தால் அழுவதைத் தவிர வழியில்லை. குழாய்த் தண்ணீர் அந்த வீட்டுக்கும் போகிறது.

வாக்கு எந்தப் பக்கம் போனாலும் வீட்டில் கவனிக்க வேண்டியவை உண்டு. பையனுக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும், துப்பக் கற்றுக்கொடுங்கள். கைக்குழந்தை புட்டிப் பால் மட்டுமே குடிக்கிறது என்றால், ஃப்ளூரைடு சேர்த்த தண்ணீரில் பவுடரைக் கலக்கும்போது பின்னால் பல்லில் லேசான வெள்ளைப் புள்ளிகள் வர வாய்ப்புண்டு. அதைக் குறைக்க ஃப்ளூரைடு குறைந்த தண்ணீரை அவ்வப்போது மாற்றிப் பயன்படுத்தலாம். கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். சமையலறையில் ஆர்.ஓ. வைத்திருந்தால் அது பெரும்பகுதியை எடுத்துவிடும். அப்போது உங்கள் வீட்டுக் குடிநீருக்கு இந்த வாக்கெடுப்பால் பெரிய மாற்றம் இருக்காது. அந்த நிலையில் பையனுக்கு வருடம் இரண்டு முறை ஃப்ளூரைடு வார்னிஷ் பூசச் சொல்லி உங்கள் பல் மருத்துவரிடம் கேளுங்கள்.