நங்கூரமிட்ட படகில் நான்கு நாள் தங்கலாமா?

கேள்வி: டிசம்பரில் லங்காவி செல்கிறோம். என் கணவருடன் வேலை பார்த்த ஒருவர், ஓய்வுபெற்றபின் மனைவியுடன் 38 அடிப் பாய்மரப் படகிலேயே வாழ்கிறார். குவா நகருக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கிறார்களாம். நான்கு நாள் வந்து தங்கச் சொல்கிறார்கள். இரவில் படகு அறுத்துக்கொண்டு போய்விடாதா? தண்ணீர், மின்சாரம், கழிப்பறைக்கு என்ன செய்வது? நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா? (வாசகி, ஈப்போ)

பதில்: அறுத்துக்கொண்டு போவதைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்கள் காதில் ஏறாது.

நங்கூரம் தன் கனத்தால் மட்டும் படகைப் பிடித்து வைப்பதில்லை. ஏர்க்கொழு போல மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கிறது. தரையோடு படுத்த வாக்கில் இழுத்தால் இன்னும் ஆழமாகப் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். அதனால்தான் சங்கிலியைத் தாராளமாக விடுகிறார்கள். உதாரணத்துக்கு, ஆழம் 5 மீட்டர், ஓதம் ஏறினால் இன்னும் 2.5, நீர்மட்டத்திலிருந்து அணியம், அதாவது படகின் முன்முனை, 1.5 மீட்டர் உயரம் என்று வையுங்கள். மொத்தம் 9. அதன் ஐந்து மடங்கு, 45 மீட்டர் சங்கிலி கீழே கிடக்க வேண்டும். காற்று வலுத்தால் ஏழு மடங்கு. போட்ட பிறகு எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பார்ப்பார்கள். நம் மீனவர்கள் கோபுரத்தையும் பனையையும் வைத்துக் கடலில் இடம் குறிப்பது போல, கரையில் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் பிடித்துக்கொண்டு, அவை விலகுகின்றனவா என்றும் கவனிப்பார்கள். போதாததற்கு, நங்கூரத்தைச் சுற்றிக் குறித்துவைத்த வட்டத்தைப் படகு தாண்டினால் அலறும் ஜிபிஎஸ் மணியும் இருக்கிறது.

டிசம்பர் நல்ல மாதம். வடகிழக்குப் பருவக்காற்று லங்காவிக்குப் பெரிதாக மழை கொண்டுவருவதில்லை. தென்மேற்குப் பருவத்தில், விடிவதற்கு முன் மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து மோதும் ‘சுமத்ரா’ சூறைக்காற்றுகளின் காலத்தில் அழைத்திருந்தால், ஓட்டலில் தங்குங்கள் என்று எழுதியிருப்பேன்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள்: நங்கூரமிட்ட படகு நிற்காது, சுற்றும். காற்று பலமாக இருந்தால் காற்றைப் பார்த்து நிற்கும். நீரோட்டம் பலமாக இருந்தால் அதைப் பார்த்துத் திரும்பும். இடப்பக்கம் நகர விளக்குகளைப் பார்த்துக்கொண்டு தூங்கி, வலப்பக்கம் அவற்றைப் பார்த்தபடி விழிப்பீர்கள். நங்கூரம் நழுவவில்லை, அலறாதீர்கள். இரவில் படுக்கைக்குக் கீழே கடுகு வெடிப்பது போல ஒரு சத்தமும் கேட்கலாம். படகு விரிசல் விடவில்லை. கொடுக்கைச் சொடுக்கும் ஒருவகை இறால்கள் எழுப்பும் சத்தம் அது.

என் கவலை எல்லாம் கரைக்கும் படகுக்கும் இடையே உங்களை ஏற்றிவரும் ரப்பர் சிறுபடகைப் பற்றித்தான். விருந்தாளிகள் விழுவது அதில் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். விளிம்பில் மிதிக்காமல் நடுவில் கால் வையுங்கள். வைத்த உடனே உட்காருங்கள். கையில் பையோடு ஏறவே கூடாது. பையை முதலில் கொடுத்துவிடுங்கள். மிதவைச் சட்டை கேட்டு வாங்கிப் போடுங்கள், கூச்சம் வேண்டாம். குவா துறையில் ஃபெரிகள் வந்துபோகும் அலையில் சிறுபடகு நன்றாகவே குதிக்கும்.

தண்ணீர் கணக்கு கண்டிப்பானது. இந்த அளவுப் படகில் 300, 400 லிட்டர் தொட்டி இருக்கலாம். நான்கு பேர் தலைக்கு 15 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 60. கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தாலும் துறைமுகத்தின் கலங்கல் நீரில் அதை ஓட்டமாட்டார்கள். சேறும் எண்ணெயும் சவ்வைக் கெடுத்துவிடும். எனவே குழாயைத் திறக்கும் முன் கேளுங்கள். வாளியும் குவளையுமாகக் குளித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய கஷ்டமில்லை.

கழிப்பறையிலும் நம் பழக்கமே கைகொடுக்கும். கையால் இறைத்துத் தள்ளும் அந்தக் குழாய்களை அடைப்பது பெரும்பாலும் காகிதமும் நாப்கினும் தலைமுடியும்தான். எத்தனை முறை இறைக்க வேண்டும், எந்த வால்வை மூட வேண்டும் என்று முதல் நாளே செய்து காட்டச் சொல்லுங்கள்.

மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வரும்; அதில் பெரும்பங்கைக் குளிர்பெட்டி விழுங்கிவிடும். கைப்பேசியை நண்பகலில் சார்ஜ் செய்யுங்கள், முடி உலர்த்தியை வீட்டில் வைத்துவிடுங்கள். சமைத்தால், அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது, சிலிண்டரையும் மூட வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் தேங்கும்.

சும்மா உட்காருவதா? அவர்களைப் பார்த்தால் தெரியும். காலையில் காப்பியோடு சங்கிலியையும் பேட்டரி அளவையும் பார்ப்பார்கள். வெயில் ஏறுமுன் சந்தைக்குப் போய் வருவார்கள். பிறகு எதையாவது பிரித்துப் பழுது பார்ப்பார்கள். படகில் ஏதாவது ஒன்று எப்போதும் கெட்டிருக்கும். உச்சிவெயிலில் மேற்கட்டித் துணியின் நிழலில் படுத்து, தீவின் அடையாளமான செம்பருந்துகளைப் பாருங்கள். நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதேதான். தலை சுற்றினால் கீழே படுக்காமல் மேலே வந்து கரையைப் பாருங்கள். இருட்டியதும் பாய்மர உச்சியில் எப்பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கை ஏற்றி, சிறுபடகைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள். அதற்குமேல் கரைக்குப் போகும் பேச்சில்லை.

பரிசாக என்ன கொண்டுபோகலாம்? குளிர்பெட்டி தேவைப்படாத இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம். சக்கர சூட்கேஸ் மட்டும் வேண்டாம்; காலி செய்தபின் அதை வைக்கப் படகில் இடமே கிடையாது. சுருட்டி மடிக்கிற துணிப்பை எடுத்துச் செல்லுங்கள்.