மாநகராட்சி நலவாழ்வு மையத்தில் கிளினிக் நடத்த அறை கிடைக்குமா?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றி வந்தேன். இப்போது கோவையில் எங்கள் பகுதியிலேயே குடும்ப மருத்துவராகக் கிளினிக் தொடங்க ஆசை. கடை வாடகையும் அட்வான்ஸும் கட்டுப்படியாகவில்லை. மாநகராட்சி தன் நலவாழ்வு மையக் கட்டடங்களில் குடும்ப மருத்துவர்களுக்குக் குறைந்த வாடகையில் அறை ஒதுக்குவதாகவும், இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தால் உத்தரவு வாங்கித் தருவதாகவும் கணவருக்குத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். முன்பணமாக 25,000 கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், டாக்டர். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தனியார் மருத்துவர் கட்டணம் வாங்கி நோயாளிகளைப் பார்ப்பதற்காக நலவாழ்வு மையத்தில் அறையை வாடகைக்கு விடும் திட்டம் தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் நடைமுறையில் இல்லை. இல்லாத ஒன்றுக்கு உத்தரவு வாங்க முடியாது. உள்ளாட்சி வழக்குகளையே பார்த்துவரும் வழக்கறிஞன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

அந்த நபர் சொல்வது நம்பும்படி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்கள் பலர் அரசு ஊழியர்கள் அல்லர். அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு கிளினிக் நடத்துகிறவர்கள். அவர்களுடைய கட்டட வாடகையைத் தேசிய சுகாதாரச் சேவையே திருப்பித் தருகிறது. 'அங்கே இருப்பது இங்கேயும் வந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால் படித்தவர்களே தலையசைத்துவிடுகிறார்கள். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. 2023 ஜூனில் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. சிகிச்சை இலவசம். அங்கே அமர்ந்திருக்கும் மருத்துவர் சம்பளத்துக்கு வந்தவர், வாடகைக்கு வந்தவர் அல்லர்.

சில மையங்கள் தனியார் வீட்டிலும் வணிகக் கட்டடத்திலும் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரகர்கள் அதைக் காட்டித்தான் குழப்புகிறார்கள். சொந்தக் கட்டடம் இல்லாத பகுதியில் அரசு வாடகைக்கு இடம் பிடித்து மையம் நடத்தலாம். அங்கே வாடகை கொடுப்பது அரசு, வாங்குவது கட்டட உரிமையாளர். மருத்துவர் இடையில் எங்கும் வருவதில்லை.

உங்களிடம் ஏதாவது தாள் காட்டியிருப்பார். அதை மறுபடி எடுத்துப் பாருங்கள். மாநகராட்சியின் செயல்முறை ஆணை என்றால் தலைப்பில் ஆணையாளரின் பெயரும் பதவியும் இருக்கும். அதன் கீழே ந.க. எண்ணும் (கோப்பு எண்) நாளும் இருக்கும். 'பார்வை' என்று போட்டு மன்றத் தீர்மானத்தின் எண் குறிக்கப்பட்டிருக்கும். இவர்கள் தயாரிக்கும் தாளில் பச்சை மையில் ஒரு கையெழுத்தும் வட்டமான ரப்பர் முத்திரையும் மட்டும் பளிச்சென்று தெரியும். ந.க. எண் இருக்காது, இருந்தாலும் வேறு எதற்கோ போட்ட எண்ணாக இருக்கும். வார்டு கவுன்சிலரின் கடிதம் என்று ஒன்றைக் காட்டினால் அதற்கும் மதிப்பில்லை. அறை ஒதுக்கும் அதிகாரம் கவுன்சிலருக்குக் கிடையாது.

சட்டப்படி நீங்கள் வாடகைக்கு எடுக்கக்கூடிய மாநகராட்சி இடம் ஒன்று உண்டு. வணிக வளாகங்களிலும் பஸ் நிலையங்களிலும் சந்தைகளிலும் உள்ள கடைகள்தான் அது. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இளம் மருத்துவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தக் கடைகள் பொது ஏலத்திலோ ஒப்பந்தப்புள்ளியிலோ விடப்படுகின்றன. அறிவிப்பு வெளிவரும், வைப்புத்தொகையைக் குறிப்பிட்ட முறையில் மாநகராட்சிக் கணக்கில் செலுத்த வேண்டும், அதிகத் தொகை கேட்டவருக்குக் கடை போகும். நீங்களே நேரில் போய் ஏலத்தில் கலந்துகொள்ளலாம். தரகர் தேவையே இல்லை.

ஆனால் நடப்பது என்ன? கடையை ஏலத்தில் எடுத்தவர் ஒருவர், உள்ளே தொழில் நடத்துகிறவர் இன்னொருவர். குத்தகைதாரர் மாநகராட்சிக்குக் கட்டுவதைப்போல் பல மடங்கு உங்களிடம் வாங்கிக்கொண்டு முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதித் தருவார். இதற்குப் பெயர் உள்வாடகை. குத்தகை நிபந்தனைகளில் உள்வாடகைக்குத் தடை இருக்கிறது. அவர் மாநகராட்சிக்குப் பாக்கி வைத்தாலும், உள்வாடகை வெளியே தெரிந்தாலும் பூட்டப்படுவது உங்கள் கிளினிக்தான். குழந்தை மருத்துவர் ஒருவர் என்னிடம் வந்திருந்தார். தவறாமல் மாத வாடகை கொடுத்தவர். குத்தகைதாரர் வைத்த பாக்கிக்காக ஒரு காலையில் கடைக்குச் சீல் வைத்து மின்சாரத்தையும் துண்டித்துவிட்டார்கள். உள்ளே குளிர்பதனப் பெட்டியில் தடுப்பூசி மருந்துகள் இருந்தன. அதை மட்டுமாவது எடுத்துக்கொள்கிறேன் என்று மண்டல அலுவலகத்தில் கேட்டார். 'நீங்கள் யார்? எங்கள் பதிவேட்டில் உங்கள் பெயரே இல்லையே' என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. மருந்து முழுவதும் வீணானது.

ஆகவே, மாநகராட்சிக் கடை என்று யார் சொன்னாலும் இரண்டைக் கேளுங்கள். உரிமம் யார் பெயரில் இருக்கிறது, எந்த நாள் வரை? சொல்லத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் வரும் வரை பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். 'அதற்குள் வேறு ஆள் வந்துவிடுவார்' என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரமே உங்களுக்கு எச்சரிக்கை.

நலவாழ்வு மையத்தில் பணியாற்றத்தான் விருப்பம் என்றால் அதற்கும் நேர்வழி இருக்கிறது. அரசின் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் அறிவிக்கை வெளியிடும்போது விண்ணப்பிக்கலாம். இந்த மையங்களின் மருத்துவ அலுவலர் பணிக்கு வரும் அறிவிக்கைகளில் வழக்கமாகக் காணும் தொகுப்பூதியம் மாதம் 60,000 ரூபாய். தற்காலிகப் பணிதான். அதில் சேர்ந்துகொண்டு சொந்தக் கிளினிக்கும் நடத்தலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மாலை நான்கு முதல் எட்டு வரைதான் மக்கள் குடும்ப மருத்துவரைத் தேடி வரும் நேரம். அந்த நேரம் மையத்துக்குப் போய்விடும். இந்த வேலையையும் 'வாங்கித் தருகிறேன்' என்று ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்.

என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டது நியாயமான தேவை. பகுதியிலேயே தங்கி, மூன்று தலைமுறையின் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தெரிந்துவைத்திருக்கும் மருத்துவர் நகரங்களில் அருகிவருகிறார். அவருக்கு ஓர் அறை கொடுக்க எந்த அரசும் யோசித்ததாகத் தெரியவில்லை. மதியம் 12 மணிக்கு மேல் நான்கு மணி வரை புறநோயாளி அறைகள் சும்மா கிடக்கின்றன. எழுத்துபூர்வமான விதியோடு, கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அந்த நேரத்தைப் பகுதி மருத்துவர்களுக்கு வெளிப்படையாக ஒதுக்க முடியும். அப்படி ஒரு விதியை எழுதாமல் விட்டிருப்பதால்தான் அந்த வெற்றிடத்தில் தரகர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கோரிக்கை வைத்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு வரியோடு கோப்பு நின்றுவிடுகிறது. இது எனக்கு ஆறாத கோபம்.

இன்றைய நிலையில் வீட்டோடு சேர்ந்த முன்னறை போன்ற தனியார் இடம்தான் உங்களுக்குப் பாதுகாப்பானது. உரிமையாளரோடு நேரடியாகப் பேசுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் கட்டாயம் பதிவு செய்யுங்கள். மருத்துவ நிறுவனப் பதிவுக்கு இடத்தின் ஆவணம் தேவைப்படும். ஊசியும் பஞ்சும் சேரும் சின்னக் கிளினிக்கிற்கும் மருத்துவக் கழிவு அகற்ற அங்கீகாரம் வேண்டும். படுக்கை இல்லாத கிளினிக்கிற்கு அதை ஒருமுறை வாங்கினால் போதும்.

கொடுத்த 25,000 ரூபாயை எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. வங்கி வழியாக என்றால் அந்தப் பதிவையும், அவர் அனுப்பிய செய்திகளையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், 'அறைக்காகக் கொடுத்த 25,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள்' என்று தொகையைக் குறிப்பிட்டுக் கைப்பேசியில் செய்தி அனுப்புங்கள். அதற்கு அவர் தரும் பதிலே சான்றாகும். ஒரு வாரம் கெடு வையுங்கள். பணம் வராவிட்டால் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். ஏமாற்றுதல், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் வருகிறது. போலி உத்தரவு காட்டியிருந்தால் அதன் நகலோடு மாநகராட்சி ஆணையாளருக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கணவருக்குத் தெரிந்தவர் என்ற தயக்கத்தில் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்; அவர் இந்நேரம் இன்னொரு மருத்துவரின் வீட்டில் இதே தாளை நீட்டிக்கொண்டிருக்கலாம்.