முட்டையை அவித்தால் புரதத்தின் எந்தக் கட்டமைப்பு அழிகிறது?

"முட்டையை அவித்தால் புரதத்தின் நான்கு கட்டமைப்பும் அழிந்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தர உயிரியல் படிப்பவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். "எல்லாம் அழியும்" என்று ரியூசன் நோட்ஸில் இருந்தால் அடித்துவிடுங்கள். முதற் கட்டமைப்பு அழிவதில்லை. நான்காவது கட்டமைப்போ முட்டை வெள்ளையின் பிரதான புரதத்துக்குக் கிடையவே கிடையாது. அந்தப் புரதமான ஓவல்புமின் 385 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி. நான்கு சங்கிலிகள் கொண்ட ஈமோகுளோபின் போல, ஒன்றுக்கு மேற்பட்ட சங்கிலிகள் சேர்ந்த புரதத்துக்குத்தான் அந்த நிலையைப் பற்றிப் பேச முடியும்.

இருபது வகை அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் பெப்தைட்டுப் பிணைப்பால் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் முதற் கட்டமைப்பு. அந்தச் சங்கிலி ஐதரசன் பிணைப்புகளால் சுருளியாகவோ மடிப்புத் தாளாகவோ ஒழுங்குபடுவது இரண்டாவது. அமினோ அமிலங்களின் பக்கக் கூட்டங்கள் ஒன்றையொன்று இழுத்தும் விலக்கியும் முழுச் சங்கிலியும் முப்பரிமாண உருவம் எடுப்பது மூன்றாவது. வெப்பம் குலைப்பது இந்தப் பிந்திய மடிப்புகளைத்தான். ஐதரசன் பிணைப்பு வலிமை குறைந்தது, பெப்தைட்டுப் பிணைப்பு அப்படியல்ல. ஆய்வுகூடத்தில் ஒரு புரதத்தை முழுதாக அமினோ அமிலங்களாக்க 6 மூலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் 110 பாகை செல்சியசில் ஏறத்தாழ 24 மணி நேரம் வைக்கிறார்கள். நம் மலைநாட்டு நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் பத்து நிமிடம் அவித்தால் சங்கிலி அறுந்துவிடாது. முட்டை வெள்ளை 60 பாகையைத் தாண்டியதுமே இறுகத் தொடங்குவதால் அவிவதற்கு அது தாராளம்.

இதைப் பையுரேற்றுச் சோதனையால் நீங்களே பார்க்கலாம். பச்சை முட்டை வெள்ளையைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து அதில் 2 மில்லிலீற்றர் எடுங்கள். அதே அளவு 10 சதவீத சோடியம் ஐதரொட்சைட்டுச் சேர்த்து, 1 சதவீத செப்பு சல்பேற்றை இரண்டு மூன்று துளி விட்டுக் குலுக்குங்கள். ஊதா நிறம் வரும். அவித்த வெள்ளையை நன்றாக மசித்து அதே போலச் செய்தாலும், சற்றுத் தாமதமாக, ஊதாவே வரும். இந்தச் சோதனை காட்டுவது பெப்தைட்டுப் பிணைப்பைத்தான், மடிப்பை அல்ல. செப்பு சல்பேற்றைக் கூட விட்டால் நீலம் ஊதாவை மூடிவிடும். பலருக்குப் பிழைப்பது இங்கேதான். சோடியம் ஐதரொட்சைட்டு கையில் பட்டு வழுக்கினால் உடனே ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

"அப்படியானால் இயல்பிழந்த, அதாவது மடிப்புக் குலைந்த, புரதம் பழைய நிலைக்குத் திரும்பாதா?" என்று யாராவது கேட்பார்கள். சில திரும்பும். அமெரிக்க உயிர்இரசாயனவியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்கிளியேசு என்ற நொதியத்தின் மடிப்பை யூரியாவும், கந்தக அணுக்களுக்கிடையிலான இருசல்பைட்டுப் பிணைப்பை உடைக்கும் பொருளும் இட்டுக் குலைத்தார். அவற்றை நீக்கியதும் அது தானாக மடிந்து மீண்டும் வேலை செய்தது. 1972 இரசாயன நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இந்த வேலைக்குத்தான். அவித்த முட்டையில் விரிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகிவிடுவதால் ஆறினாலும் பழையபடி ஆகாது.

மடிப்புப் போனால் தொழில் போகும் என்பதற்கு நம் பக்கத்துத் தேயிலைக் கொழுந்தைவிட நல்ல உதாரணம் இல்லை. கொழுந்தில் பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம் இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணியிலும், அது தாக்க வேண்டிய கெட்டகின்கள் என்ற சேர்வைகள் கலத்தின் நீர்ப்பை போன்ற புன்வெற்றிடத்திலும் இருக்கின்றன. கொழுந்தை உருட்டும் ரோலரில் கலங்கள் உடைந்து இரண்டும் கலக்க, காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து செம்புநிறம் வருகிறது. தொழிற்சாலையில் புளிக்க வைப்பது என்று சொன்னாலும், முக்கியமாக அங்கே நடப்பது நுண்ணங்கிகள் செய்யும் நொதித்தல் அல்ல, ஒட்சியேற்றம். நொதியத்தின் உயிர்ப்பு மையத்தில் செப்பு அணுக்கள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்திருக்கும் இசுற்றிடின் என்ற அமினோ அமிலங்கள் சங்கிலியில் தூரத் தூர இருப்பவை, மடிப்புத்தான் அவற்றைப் பக்கத்தில் கொண்டுவருகிறது.

இரண்டிலையும் அரும்புமாகப் பறித்து இரண்டு பங்காக்குங்கள். ஒன்றைச் சாறு வரக் கசக்கித் தட்டில் மெல்லியதாகப் பரப்புங்கள். மற்றதை இட்லிச் சட்டி ஆவியில் மூன்று நிமிடம் வைத்து, ஆறவிட்டுக் கசக்குங்கள். ஒரு மணி நேரத்தில் முதலாவது சிவக்கும், ஆவி பட்டது பச்சையாகவே நிற்கும். குவித்து வைத்தால் நடுவில் உள்ள இலைக்கு ஆவி எட்டாது. ஆவி போதாவிட்டால் காம்பும் நடு நரம்பும் மட்டும் சிவக்கும். பறிக்கும்போதே நசுங்கிய இலையில் ஓரம் ஏற்கெனவே சிவந்திருக்கும், அதைத் தள்ளிவிடுங்கள்.

இதைச் சொல்லாமல் விட மனமில்லை: தேயிலைக்கு நடுவில் வளரும் பிள்ளைகளுக்கு "ஊதா நிறம் தோன்றியது" என்று அவதானத்தைச் சொல்லி எழுதவைக்கும் பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன. கொழுந்தும் வெந்நீரும் இல்லாத ஊரா இது?

எலுமிச்சைச் சாறு விட்டுச் சிவப்பதைத் தடுத்துக் காட்டி, "அமிலம் நொதியத்தை இயல்பிழக்கச் செய்தது" என்று எழுதவும் வேண்டாம். சாற்றில் உள்ள விற்றமின் சி, உருவாகும் நிறப்பொருளின் முன்னோடிகளைத் தாழ்த்தியும் (அதாவது அவற்றின் ஒட்சியேற்றத்தைத் திருப்பியும்) சிவப்பைத் தடுக்கும். அதனால் நிறம் வராததை வைத்து மட்டும் மடிப்புக் குலைந்தது என்று சொல்ல முடியாது.