கூட யாரு?

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் முதுநகர். தனியார் கம்பெனியில் வேலை. நண்பர்கள் 6 பேர் சேர்ந்து, 8 மாதமாக ஞாயிறு மதியம் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம், பேருந்து நிலையம் பக்கம் வீடில்லாமல் இருப்பவர்களுக்கு 60 சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துவருகிறோம். வள்ளலார் பிறந்த மாவட்டத்தில் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்ற எண்ணம்தான். போன வாரம் ஒரு பெரியவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது வேணாம்பா, ஒரு டீ வாங்கிக் குடு" என்றார். என் நண்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. 'பிச்சை எடுக்கிறவருக்கு இவ்வளவு திமிரா' என்று கேட்டேவிட்டான். 2 பேர் இனிமேல் வரமாட்டோம் என்கிறார்கள். கொடுத்துக் கொடுத்து இவர்களை நாங்களே சோம்பேறி ஆக்குகிறோமா? டிரஸ்ட் பதிவு செய்து முறையாகச் செய்யலாமா? வழி சொல்லுங்கள். படங்கள் இணைத்திருக்கிறேன்.

ம., கடலூர்

*

அன்புள்ள ம.,

போன வாரம் மனைவியின் கண் ஆபரேஷனுக்காகப் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த நர்ஸ், "இவங்க கூட யாரு?" என்றார். பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை இறங்குவதற்குள் வேறொரு ஆஸ்பத்திரி, வேறொரு நர்ஸ், இதே கேள்வி ஞாபகம் வந்துவிட்டது. அன்று இரவுதான் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் பதில் எழுதியிருக்க மாட்டேன். இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய வருகின்றன.

டிரஸ்ட் கேள்வியை ஆடிட்டரிடம் கேளுங்கள். 6 பேர் 60 பொட்டலம் கொடுக்க லெட்டர்பேடு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

படங்களுக்கு வருகிறேன். 4 படம். நாலிலும் உங்கள் டி-ஷர்ட் பளிச்சென்று தெரிகிறது, வாங்குகிறவர் முகமும் தெரிகிறது. அவரிடம் கேட்டு எடுத்தீர்களா? உங்கள் அப்பா கடன் வாங்கப் போன இடத்தில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வீட்டை இழந்தவரிடம் கடைசியாக மிஞ்சுவது முகம்தான். அதையும் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு நீங்கள் பிரியாணிக் கடைக்குப் போய்விடுகிறீர்கள். உடனே அழித்துவிடுங்கள். நான் அழித்துவிட்டேன்.

அழிப்பதற்கு முன் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டீ கேட்ட பெரியவர் அவர்தான் என்று நினைக்கிறேன். கன்னம் இரண்டும் உள்ளே போயிருக்கிறது, வாயில் பல் கிடையாது. கையில் பிரித்த பொட்டலம், எலுமிச்சை சாதம், மேலே தாளித்த கடலைப்பருப்பு, ஓரத்தில் வறுத்த வேர்க்கடலை. அந்த மனிதர் அதை எப்படித் தின்பார்? மூன்றடி தூரத்தில் நின்ற உங்களுக்குத் தெரியாதது, திண்ணையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்க்கிற கிழவனுக்குத் தெரிகிறது. திமிராம். என் தங்கை வீட்டில் எனக்கு முறுக்கு வைத்தால் நானும்தான் டீ போதும் என்கிறேன். அவள் எனக்குத் திமிர் என்று சொல்வதில்லை, "பல் செட் எங்கண்ணா?" என்று கேட்பாள்.

சோம்பேறி என்ற வார்த்தையை இந்த விஷயத்தில் இனி எழுதாதீர்கள். விடிவதற்கு முன் கடைக்காரர் தண்ணீர் தெளிக்க வருவதற்குள் எழுந்து, மூட்டையைக் கட்டி, கழிப்பறைக்குச் சில்லறை தேடி, வெயில் ஏற ஏற நிழலோடு நகர்ந்து, ராத்திரி மறுபடி அதே படிக்கு யாரும் வந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே போய்க் காவல் இருப்பது. ஒரு நாள் செய்து பாருங்கள்.

வள்ளலாரை இழுத்திருக்கிறீர்கள். நம்மூர்க்காரர்கள் எல்லோரும் இழுப்பார்கள், நானும் இழுத்திருக்கிறேன். ஆனால் அவர் பொட்டலம் கட்டவில்லை தம்பி. பார்வதிபுரத்துக்காரர்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் 1867 மே 23-ம் தேதி வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் பார்ப்பது அடுப்பை அல்ல, கூரையை. வருகிறவர் உள்ளே வந்து, வரிசையில் உட்கார்ந்து, சுடச்சுட வாங்கி, இன்னும் கொஞ்சம் என்று கேட்டுச் சாப்பிடுகிற இடம் அது. பைக்கை ஆஃப் பண்ணாமல் நீட்டுகிற பொட்டலத்தில் இன்னும் கொஞ்சம் கேட்க முடியாது. வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. சொன்னால் என்ன ஆகும் என்று உங்கள் நண்பர் காட்டிவிட்டார்.

நான் சொல்ல வந்தது சாப்பாடு பற்றியே அல்ல. சோற்றுக்கு நம்மூரில் ஆள் இருக்கிறது. கோயில் இருக்கிறது, தர்கா இருக்கிறது, பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சில சமயம் ஒருவருக்கே மூன்று பொட்டலம் சேர்ந்து, மாலையில் நாய்க்குப் போகிறது. இல்லாதது வேறு.

2003 ஐப்பசி. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பூட்டிக் கிடந்த கடையின் படியில் ஒரு ஆயா இருந்தார். பெயரை ஒரு வருஷம் கேட்கவே இல்லை, அதனால்தான் உங்களை இவ்வளவு திட்டுகிறேன். மழையில் நனைந்து காய்ச்சல், மூச்சு விட்டால் விசில் மாதிரிச் சத்தம். நானும் பைண்டிங் பையனும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். (அன்றைக்கு 108 கிடையாது. இன்று கூப்பிட்டால் தெருவில் கிடக்கிறவரையும் காசு வாங்காமல் ஏற்றிக்கொள்வார்கள். அதை உங்கள் 6 பேரும் முதலில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.)

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. நர்ஸ் சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்: "கூட யாரு?"

யாரும் இல்லை என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார். கெட்ட மனுஷி இல்லை. நள்ளிரவில் மருந்து வாங்கிவர, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, கழிப்பறைக்குக் கூட்டிப்போக அவர் ஒருத்தி எத்தனை பேருக்கு ஓடுவார்? நான் சீட்டை வாங்கி, உறவு என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்தவர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவன் தெரிந்தே போட்ட பிழை அது. எழுதியதும் கட்டில் கிடைத்தது, மருந்து ஏற்றுகிற வென்ஃப்ளான் ஊசியைக் கையில் குத்திவைத்தார்கள், பாட்டில் ஏறியது. அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு பலம்.

2 ராத்திரி இருந்தேன். மூன்றாம் நாள் முகூர்த்த வேலை குவிந்து கிடக்கிறது என்று முதலாளி ஆள் அனுப்பினார். சாயங்காலம் வருகிறேன் ஆயா என்று சொல்லிவிட்டுப் போனவன் மறுநாள் காலையில்தான் போனேன். கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'அப்ஸ்காண்டட்' என்று எழுதியிருந்தது. தலைமறைவாம். வீடே இல்லாத கிழவி எங்கே போய்த் தலைமறைவாவது?

அதே படியில்தான் இருந்தார். இடது கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தார். என்ன என்று விலக்கிப் பார்த்தால், பச்சை மூடியோடு அந்த ஊசி இன்னும் கையிலேயே இருக்கிறது. பிளாஸ்டர் ஓரம் அழுக்கேறி, சுற்றிலும் வீங்கி, மூடிக்குள் ரத்தம் கருப்பாக உறைந்து கிடந்தது. அதோடு நடந்தே வந்திருக்கிறார்.

"ஏன் ஆயா வந்துட்டீங்க?"

"மூட்டைய யாருப்பா பாத்துக்குவா? நீயும் வரல."

மூட்டையில் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். 2 புடவை, ஒரு தூக்குவாளி, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தின் பழைய ரேஷன் அட்டை ஒன்று, பாலிதீன் பைக்குள் பை வைத்து நான்கு சுற்று. அட்டையில் அவர் பெயர் கடைசியில், எழுத்துப் பிழையோடு. பக்கத்து கிளினிக்கில் ஊசியை எடுக்கவைத்தேன். தை மாதம் வரை படியில் இருந்தார், பிறகு இல்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டேன், யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள் என்றார். யார் அந்த யாரோ என்று விசாரிக்க நான் மெனக்கெடவில்லை. போய்ச் சேர்ந்திருப்பார் நல்ல இடத்துக்கு என்று சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது வசதி.

அந்த அட்டை சும்மா இல்லை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ம் தேதி புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர் மூழ்கியது. நிவாரணம் அறிவித்தார்கள். புதுச்சேரியில் அட்டைக்கு 5,000 ரூபாய், நம் பக்கம் 2,000. அட்டைக்கு. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவருக்குப் பணம் உண்டு, தண்ணீர் வர வீடே இல்லாதவருக்கு இல்லை. வீடில்லாதவர்கள் தங்கும் காப்பகத்துக்கு மத்திய அரசுத் திட்டத்தில் விதி எழுதினார்கள்: நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு 100 பேர் தங்குகிற மாதிரி ஒன்று, வருஷம் முழுக்க, 24 மணி நேரமும், ஆளுக்கு 50 சதுர அடி. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 ராத்திரி தெருத்தெருவாகப் போய் வீடற்றவர்களை எண்ணினார்கள். நாடு முழுக்க 17 லட்சத்துக்கு மேல். அரசாங்கமே ஒரு ராத்திரி போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறது. நீங்கள் 8 மாதமாகப் போகிறீர்கள், அந்த 60 பேரில் எத்தனை பேருடைய பெயர் தெரியும்? கடிதத்தில் ஒரு பெயர்கூட இல்லை.

அப்பர் கல்லோடு மிதந்து வந்து ஏறிய கரை என்று நாம் கரையேறவிட்ட குப்பத்தைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். பிரமாதமான பெயர்தான். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் நடந்தது. சூலை நோய் வந்து, கூட இருந்த சமணர்கள் மருந்து பலிக்காமல் கைவிட்டபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவோடிரவாக எங்கே போனார்? திருவதிகைக்கு, அக்காவிடம். திலகவதியார் என்ற ஒருத்தி அங்கே இல்லையென்றால் நாவுக்கரசர் ஏது, தேவாரம் ஏது? 'கூட யாரு' என்று கேட்டால் கை தூக்க அவருக்கு ஓர் ஆள் இருந்தாள்.

அதைச் செய்யுங்கள். 60 பொட்டலத்தை 20 ஆக்குங்கள், எனக்குக் கவலையில்லை. மிச்சக் காசை வைத்துக்கொண்டு, யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 6 பேரும் முறை போட்டு உட்காருங்கள். பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர். பெண்கள் வார்டுக்கு உங்கள் அம்மாவையோ அக்காவையோ கூப்பிடுங்கள், வருவார்கள். இன்னொருவர் மூட்டையைப் பார்த்துக்கொள்ளட்டும். மூட்டைக்குப் பொறுப்பேற்காமல் ஆளைக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், வந்தாலும் என் ஆயா மாதிரிப் போய்விடுவார்கள். தெரிந்த கடைக்காரர் பரணில் ஒரு மூலை கேளுங்கள்.

மனம் பிசகித் திரிகிறவர் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 100, அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது காவல் துறையின் கடமை என்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. நீங்கள் கூடப் போய் நின்றால்தான் அந்தப் பிரிவுக்கு உயிர் வரும். வயதானவர்கள் விஷயத்தில் எதுவும் புரியவில்லை என்றால் 14567-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் நண்பரைத் திட்டாதீர்கள். வெயிலில் பொட்டலம் தூக்கியவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும், அவன் வயதில் எனக்கும் வந்திருக்கும். விலகுகிறேன் என்ற இரண்டு பேரையும் ஒரு ராத்திரி வார்டில் உட்கார வையுங்கள், பொட்டலத்தைவிட அது அவர்களுக்குப் பிடித்துப்போகலாம். பிடிக்காவிட்டால் போகட்டும்.

கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். பெரியவர் டீ கேட்டார், நண்பருக்குக் கோபம் வந்தது, குழு உடைகிறது, எல்லாம் இருக்கிறது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்களா, இல்லையா? அது மட்டும் எழுதவில்லை.