கலுங்கில் உட்கார்ந்திருப்பது யார்?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. திருவனந்தபுரத்தில் ஸ்டாச்சு பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. சாயங்காலம் அங்கிருந்து தம்பானூர் வரை நடந்தே வந்து ரயில் ஏறுவாள். "அந்த நடைதான்மா நாள்லயே எனக்குப் பிடிச்ச நேரம்" என்பாள். குழித்துறையில் இறங்கி வீட்டுக்கு இன்னும் கால் மணி நேரம் நடக்க வேண்டும். வழியில் ஓடைக் கலுங்கில், அதாவது சின்னப் பாலத்துச் சுவரில், நாலைந்து பையன்கள் உட்கார்ந்து கிண்டல் பேசுகிறார்கள். போன மாதம் ஒருநாள் பைக்கில் பின்னாலேயே வந்தார்களாம். எல்லாம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள்தான். ஒருவன் என் அண்ணன் மகன், முறைப்பையன் என்பதால் விளையாட்டாகப் பேசுவான். தெருவிளக்கும் நாலு மாதமாக எரியவில்லை. காலம் கெட்டுக் கிடக்கிறது. வேலையை விடச் சொல்வதா, சீக்கிரம் கல்யாணத்தை முடிப்பதா என்று யோசிக்கிறோம்.
- ஒரு தாய், குழித்துறை அருகே

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு வரி போதும். "ஒருவன் என் அண்ணன் மகன்." தெருவிளக்குக்கு முந்தின வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பின்னால் வந்த அந்த பைக்கில் அவன் இருந்தானா? மகளிடம் கேட்டீர்களா? கேட்டால் பதில் என்ன வருமோ என்று பயந்து விட்டுவிட்டீர்களா?

முறைப்பையன் என்கிறீர்கள். நம் பக்கத்தில் மாமன் மகனுக்குக் கேலி பேச இடம் உண்டு, சரி. கல்யாண வீட்டில், பத்துப் பேர் நடுவில், அவளும் திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில் பேசினால் அது கேலி. விளக்கில்லாத சாலையில், கூட்டாளிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்து களைத்து வருகிறவளிடம் பேசுவதற்கு அந்தப் பெயர் கிடையாது. முறை உள்ளவன் என்றால் அவன் எழுந்து வந்து "வா, வீடு வரைக்கும் வரேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். கூட இருப்பவர்களை அதட்டியிருக்க வேண்டும். சொந்தக்காரனே சிரிக்கிறான் என்ற தைரியத்தில்தான் மற்றவர்கள் வாய் திறக்கிறார்கள்.

இந்த மாதிரிக் கடிதம் களியக்காவிளையிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மாதம் தவறாமல் வருகிறது. பையன் யாரென்று தெரிந்திருந்தும், பெண்ணை வீட்டில் உட்கார வைப்பதாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். உங்கள் மகள் வேலையை விட வேண்டும், அவன் கலுங்கை விட வேண்டாம். அண்ணன் வீட்டோடு மனஸ்தாபம் வந்துவிடக் கூடாது என்று மகளின் சம்பளத்தையும் சாயங்காலத்தையும் தூக்கிக் கொடுக்கத் துணிந்துவிட்டீர்கள். காலத்தின் மேல் பழி போடாதீர்கள்.

அவள் சொன்ன அந்த நடையை ஒருநாளாவது கூட நடந்து பார்த்ததுண்டா? செக்ரட்டேரியட்டைத் தாண்டி, புளிமூடு, ஆயுர்வேதக் கல்லூரி, ஓவர்பிரிட்ஜ், தம்பானூர். கடை வெளிச்சம், பஸ் இரைச்சல், யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்காத கூட்டம். அலுவலகத்துக்கும் உங்களுக்கும் நடுவில் அந்த இருபது நிமிஷம் அவளுடையது. நாகர்கோவிலில் வடசேரியிலிருந்து மணிமேடை வரை அவசரமில்லாமல், கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்க எனக்கு ஐம்பது வயது ஆயிற்று. அதுவரை குனிந்த தலையும் எட்டிப்போட்ட நடையுமாகத்தான் இருந்தேன், ஆறு மணிக்குள் வீடு. உங்கள் மகளுக்கு அது 23 வயதிலேயே கிடைத்திருக்கிறது. பறிக்காதீர்கள்.

நம் கன்னியாகுமரிப் பக்கமும் முன்பு திருவிதாங்கூர்தான், 1956-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதே திருவிதாங்கூரில், 1924-இல், வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்று கேட்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். ஈரோட்டிலிருந்து பெரியாரும் நாகம்மையும் போய்ப் போராடினார்கள். அங்கே வழியை மறித்தது சாதி. உங்கள் ஊரில் நாலு விடலைகளும், தட்டிக் கேட்காத பெரியவர்களும் மறிக்கிறீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போங்கள். மகள் வர வேண்டாம், அவள் யாருக்கும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. அண்ணனும் மதினியும் இருக்கும்போது மருமகனை எதிரில் உட்கார வைத்து, "பைக்கில் வந்தது நீயா?" என்று கேளுங்கள். "பசங்க அப்படித்தான்" என்று அண்ணன் சொன்னால், அடுத்தது போலீஸ் ஸ்டேஷன் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். பெண்களைத் தொந்தரவு செய்வதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1998-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. 181 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கூடப்பிறந்தவன் மகன்மேல் புகாரா என்று நெஞ்சை அடைக்கும், எனக்குத் தெரியும். ஆனால் மருமகனைக் கண்டிப்பது அத்தையின் கடமை. முதல் நாளே அதைச் செய்திருந்தால் பைக் பின்னால் வந்திருக்காது.

அப்புறம் அந்த விளக்கு. கம்பத்தில் எண் இருந்தால் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாலு மாதம் சும்மா இருந்ததற்கு எனக்குக் காரணம் எழுத வேண்டாம்.

கல்யாணம் அவள் கேட்கும்போது செய்யலாம். "முறைப்பையன்" என்று நீங்கள் எழுதிய விதத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவனுக்கே கொடுத்துவிடலாம் என்று உங்கள் வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பேச்சை இன்றைக்கே நிறுத்துங்கள்.