அணுமின் நிலையத்தில் சைபர் பாதுகாப்பு வேலை: போனவுடன் எதைத் தொடக் கூடாது?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் என் ஊர். கோவை சரவணம்பட்டியில் ஒரு ஐடி நிறுவனத்தின் கண்காணிப்பு மையத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். அலர்ட் பார்ப்பது, ஃபயர்வால் விதிகள், பேட்ச் ரிப்போர்ட், இதுதான் தினசரி. அணுமின் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்து தரும் ஒரு கம்பெனி, அதன் தகவல் பாதுகாப்புப் பிரிவுக்கு இப்போது என்னைத் தேர்வு செய்திருக்கிறது. கல்பாக்கம் அல்லது கூடங்குளத்தில் போடுவார்களாம். அணு இயற்பியல் தெரியாமல் போகலாமா? இருக்கிற இரண்டு மாதத்தில் எதைப் படிப்பது? இந்தத் துறைக்குள் போனால் பிறகு வெளியே வர முடியாது என்கிறார் அண்ணன். கதிர்வீச்சு என்று அம்மா வேறு பயப்படுகிறார்.

பதில்: தாராளமாகப் போகலாம் அம்மணி. பிளஸ் டூவில் படித்த இயற்பியலே போதும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு போங்கள். அணு உலையை நிறுத்தினாலும் அதன் சூடு நிற்காது. நிறுத்திய அந்த நிமிடத்தில்கூட முழுத் திறனில் சுமார் 6 முதல் 7 சதவீத வெப்பம் வந்துகொண்டிருக்கும். பிறகுதான் அது மெல்லக் குறையும். 2011இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. சுனாமி வந்து மின்சாரத்தைப் பறித்ததால், குளிர்விக்க வழியில்லாமல் போனதுதான் விபத்து. ஆகவே நீங்கள் காக்கப்போவது ரகசியத் தகவலை மட்டுமல்ல. பம்பு ஓட வேண்டும், வால்வு திறக்க வேண்டும், ஆபரேட்டர் திரையில் பார்க்கும் அளவு உண்மையாக இருக்க வேண்டும். ரகசியம் இவற்றுக்கு அடுத்ததுதான்.

நான்கு வருடப் பழக்கம் உங்களுக்கு எதிராக நிற்கப்போவது இங்கேதான். சந்தேகம் வந்தால் மெஷினைத் துண்டி, மென்பொருளில் ஓட்டை தெரிந்தால் அதை அடைக்கும் பேட்ச் போடு, புது நெட்வொர்க் என்றால் முதலில் ஸ்கேன் செய் என்று கை தானாகப் போகும். அலுவலக நெட்வொர்க்கில் இவை நல்ல பழக்கங்கள். கட்டுப்பாட்டு நெட்வொர்க்கில் இவையே சம்பவமாகிவிடலாம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹாட்ச் என்ற அணுமின் நிலையம் இருக்கிறது. 2008 மார்ச்சில் அங்கே அலுவலக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மென்பொருள் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு அமைப்போடு தரவைப் பரிமாறிக்கொள்வது. ரீஸ்டார்ட் ஆனபோது அந்தப் பக்கத் தரவும் ரீசெட் ஆகிவிட்டது. பாதுகாப்பு அமைப்பு அதைக் குளிர்விக்கும் நீர் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு உலையைத் தானாக நிறுத்தியது. 48 மணி நேரம் உற்பத்தி போனது. 2006இல் அலபாமாவின் பிரௌன்ஸ் ஃபெர்ரியில், நெட்வொர்க்கில் மிதமிஞ்சிய போக்குவரத்து வந்ததில் உலைக்குள் நீரைச் சுற்றவைக்கும் இரண்டு மறுசுழற்சிப் பம்புகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் திணறிப் பம்புகள் நின்றன. ஆபரேட்டர்கள் கையால் உலையை நிறுத்த வேண்டியதாயிற்று.

இரண்டிலும் ஹேக்கர் என்று யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேகமாக ஸ்கேன் செய்யும் கருவி ஒன்றைத் தவறான இடத்தில் ஓட்டினால், பிரௌன்ஸ் ஃபெர்ரி போன்ற நிலையை நீங்களே உண்டாக்கிவிடலாம். அதனால்தான் இந்தத் துறையில் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் கண்காணிப்பையே விரும்புகிறார்கள். நெட்வொர்க் சுவிட்சிலிருந்து போக்குவரத்தின் ஒரு நகலை எடுத்துப் பார்ப்பார்கள், கருவியிடம் எதையும் கேட்க மாட்டார்கள்.

அப்படியானால் பேட்சே வேண்டாமா? வேண்டும். அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2003 ஜனவரியில் ஒஹாயோவின் டேவிஸ் பெஸ்ஸி நிலையத்துக்குள் ஸ்லாமர் என்ற வோர்ம் (தானாகவே பரவும் மால்வேர்) நுழைந்தது. வாசலில் ஃபயர்வால் நன்றாகத்தான் இருந்தது. ஓர் ஒப்பந்ததாரரின் தனி இணைப்பு அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இல்லாமல் போனது. நல்லவேளை, நிலையம் அப்போது ஓட்டத்தில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஆறு மாதம் முன்பே வந்திருந்தது. நீங்களும் ஒப்பந்ததாரர் பக்கத்திலிருந்துதான் போகிறீர்கள். உங்கள் கம்பெனியின் லேப்டாப், உங்கள் கம்பெனியின் ரிமோட் இணைப்பு இரண்டையும் முதல் சந்தேகமாக வையுங்கள். உள்ளே பழக்கமாகும்வரை இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே சம்பளத்துக்கு நியாயம் செய்ததாகும்.

பேட்ச் எப்போது போடுவது என்பதை நிலையத்தின் வேலைத் திட்டம்தான் தீர்மானிக்கும். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் உலைகளை நிறுத்தித்தான் எரிபொருள் மாற்ற முடியும். அந்த ஷட்டவுன்தான் பலருக்கும் வேலை செய்யக் கிடைக்கும் நேரம். கல்பாக்கத்தின் 220 மெகாவாட் கனநீர் உலைகள் ஓடிக்கொண்டே எரிபொருள் மாற்றும் வகை. அங்கே பராமரிப்புக்காகத் தனியாக நிறுத்தும்போதுதான் வாய்ப்பு. அதுவரை ஓட்டை திறந்தே இருக்கும். சுற்றிலும் வேறு தடைகளைப் போட்டுச் சமாளிக்கக் கற்க வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல், ஷிஃப்ட் பொறுப்பு இன்ஜினியருக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. முதலில் எரிச்சலாக இருக்கும்தான்.

நெட்வொர்க்கைப் பிரிக்கும் பாதுகாப்பு அடுக்குகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் சைபர் விதியையும், 2010இல் அதற்கான வழிகாட்டியையும் கொண்டுவந்தது. அந்த வழிகாட்டியில் மிகக் கடுமையாகக் காக்கப்படும் அடுக்குக்கு எண் 4. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆவணங்களிலோ கடுமையானது எண் 1. தொழிற்சாலைகளில் புழங்கும் பர்டூ மாதிரியில் 0 என்றால் உற்பத்தித் தளத்தில் இருக்கும் சென்சார், மோட்டார். மூன்றும் கலந்து பேசும் மீட்டிங்கில் உட்கார நேரும். எந்த எண் முறை என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எண் எதுவானாலும் கொள்கை ஒன்றே: உள்ளிருந்து தகவல் வெளியே வரலாம், வெளியிலிருந்து உள்ளே எதுவும் போகக் கூடாது. அதற்குத்தான் ஒருவழிப் பாதையாக மட்டும் இயங்கும் டேட்டா டையோடு வைக்கிறார்கள்.

ஆனால் டையோடு யுஎஸ்பியைத் தடுக்காது. 2010இல் தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற மால்வேர், இணையம் எட்டாத ஈரானின் நதான்ஸ் செறிவூட்டும் ஆலைக்கே போய்ச் சேர்ந்தது. 2016இல் ஜெர்மனியின் குண்ட்ரெமிங்கன் நிலையத்தில், எரிபொருள் கோல்களை நகர்த்தும் கருவி சம்பந்தப்பட்ட ஒரு கம்ப்யூட்டரிலும், பெரும்பாலும் யுஎஸ்பியான 18 டிரைவ்களிலும் பழைய வைரஸ்கள் கிடைத்தன. இணையத் தொடர்பு இல்லாததால் ஆபத்து நேரவில்லை. இருந்தாலும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தன அல்லவா?

நம் பக்கத்துக் கதை 2019. கூடங்குளத்தில் நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் டிட்ராக் என்ற உளவு மால்வேர் இருந்தது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் செப்டம்பர் 4ஆம் தேதியே இதைத் தெரிவித்தது. அக்டோபர் 29இல் நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. மறுநாள் அணுமின் கழகம் மால்வேர் இருந்ததை ஒப்புக்கொண்டு, உலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனியாக இருப்பதால் பாதிப்பில்லை என்று விளக்கியது. பாதிப்பில்லை என்பதை நான் ஏற்கிறேன். "அது நிர்வாக நெட்வொர்க்தானே" என்ற அலட்சியத்தைத்தான் ஏற்க முடிவதில்லை. யார் எந்த வேலை பார்க்கிறார்கள், எந்தக் கருவி எந்தக் கம்பெனியுடையது என்ற விவரமெல்லாம் பெரும்பாலும் அலுவலகக் கம்ப்யூட்டர்களில்தான் கிடக்கும். அடுத்த தாக்குதலைத் திட்டமிட அது போதும். உங்கள் லிங்க்ட்இன் பக்கத்திலும் நிலையத்தின் பெயர், கருவியின் மாடல் எதுவும் வேண்டாம்.

சரி, இரண்டு மாதத்தில் என்ன படிப்பது? சர்வதேச அணுசக்தி முகமையின் அணுப் பாதுகாப்பு வரிசையில் 17-டி, 33-டி என்ற இரண்டும் இணையத்தில் இலவசம். முன்னது நிலையம் முழுவதற்குமான கணினிப் பாதுகாப்பு, பின்னது கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மட்டும். உங்களுக்கு 33-டி முதலில். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் சைபர் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 62443 தொடரின் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். எத்திக்கல் ஹேக்கிங் சான்றிதழுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். அதில் கற்பது பெரும்பாலும் இங்கே செய்யக் கூடாதவை.

புத்தகத்தைவிட முக்கியமான ஒன்று உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. மெஷின்களை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரான பிஎல்சியைப் பார்க்கக் கொங்கு நாட்டில் அலைய வேண்டியதில்லை. தெரிந்தவர் மூலம் பெருந்துறை சிப்காட்டிலோ ஒரு ஸ்பின்னிங் மில்லிலோ பவுண்டரியிலோ ஒரு நாள் நில்லுங்கள். மெயின்டனன்ஸ் பார்க்கும் எலக்ட்ரீஷியனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த பாக்ஸ் செத்துப்போனா என்னங்க ஆகும்?" எந்த மெஷின் உடனே நிற்கும், எதைக் கையால் ஓட்டலாம், எது ஆளைக் காயப்படுத்தும் என்று அவர் வரிசையாகச் சொல்வார். அந்தப் பதிலைக் கேட்டு எழுதி வைக்கும் பழக்கம்தான் நாளைக்கு உங்கள் வேலை. பழைய பிஎல்சி ஒன்று கிடைத்தால் வீட்டில் வைத்து, அது பேசும் மோட்பஸ் மொழியின் செய்திகள் எப்படிப் போகின்றன என்று, நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பாருங்கள். கடவுச்சொல் கேட்காமலே பிஎல்சி கட்டளையை ஏற்பதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். உங்கள் மேசை உலைக் கட்டடத்துக்குள் இருக்காது. கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் போகும் நாளில் பயிற்சி, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் எல்லாம் உண்டு. வெளியே வரும்போது ஆளையும் லேப்டாப்பையும் சோதிப்பார்கள். கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு), எந்த ஒரு ஆண்டிலும் 30 என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உச்ச வரம்பு. கணினி வேலைக்குப் போகும் ஆள் அதன் கிட்டேகூட வருவது அபூர்வம். கர்ப்பம் என்றால் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதற்குத் தனி வரம்பு உண்டு.

அண்ணன் பயப்படுவதில் அர்த்தமில்லை. மின்துறைக்கான சைபர் வழிகாட்டுதல்களை மத்திய மின்சார ஆணையம் 2021இல் வெளியிட்டது. மேட்டூர் அனல்மின் நிலையம், குந்தா நீர்மின் நிலையங்கள், பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள், எங்கே பார்த்தாலும் கணினிக் கட்டுப்பாடுதான். அணுமின் நிலையத்தில் பொறுமை கற்றுவந்த ஆளை அவர்கள் விடமாட்டார்கள்.

கடைசியாக, பின்னணி விசாரணை. போலீஸ் சரிபார்ப்பு, முந்தைய வேலை, முகவரி எல்லாம் பார்ப்பார்கள். வாசலில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை நிற்கும் இடம். நுழைவு அனுமதி கிடைக்கும்வரை தளத்தில் வேலை தொடங்காது, அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று யாரும் உறுதி தருவதில்லை. ஆகவே அனுமதி வரும்வரை சம்பளம் உண்டா, எந்த அலுவலகத்தில் உட்காருவீர்கள் என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள். அப்படி எழுதி வாங்கும்வரை சரவணம்பட்டியில் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம்.